சரிந்த பின் வசூல்! சரியுமுன் கணக்கு எங்கே?



2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. நள்ளிரவு தாண்டிய நேரம். வயநாடு மாவட்டம் மேப்பாடி பஞ்சாயத்தில் முண்டக்கையும் சூரல்மலையும் உறங்கிக்கொண்டிருந்தன. மேலே புஞ்சிரிமட்டத்தில் மலை பெயர்ந்தது. மண்ணும் பாறையும் மரமும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரம் பாய்ந்தன. விடிந்தபோது பாலம் இல்லை. பள்ளிக்கூடம் பாதி மண்ணுக்குள். கடைவீதி இருந்த இடத்தில் வீடளவு பாறைகள்!

250க்கும் அதிகமான உயிர்கள் போயின. சாலியாறு உடல்களை நிலம்பூர் வரை சுமந்து சென்றது. அடையாளம் தெரியாதவர்களுக்குப் புத்துமலையில் கப்று தோண்டினார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் எண் எழுதினார்கள்.

அடுத்து நடந்ததும் உங்களுக்குத் தெரியும். தமிழகத்திலிருந்தும் கேரளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் போர்வையும் அரிசியும் ஏற்றிய வண்டிகள் புறப்பட்டன. பள்ளிவாசல்களில் துண்டு விரித்தோம். இளைஞர்கள் சேற்றில் இறங்கினார்கள். 2019ல் கவளப்பாறை சரிந்தபோது, போத்துகல்லு பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தையே பிரேதப் பரிசோதனைக்குத் திறந்துவிட்ட ஜமாஅத் நம் ஜமாஅத். எந்த மதத்து உடல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இதில் நமக்குப் பெருமை உண்டு. இருக்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி. துண்டு விரிக்க முந்துகிற நாம், அதற்கு முதல் நாள் எங்கே இருந்தோம்? சரிந்த பின் வசூல் செய்யத் தெரிந்த சமுதாயத்துக்கு, சரியுமுன் கணக்குப் போடத் தெரியாதா? அதுவும் கணக்கையே தொழிலாகக் கொண்ட வணிக சமுதாயத்துக்கு!

மூன்று முறை தட்டிய கதவு

இது எதிர்பாராமல் வந்ததா? இல்லை.

இதே முண்டக்கையில் 1984 ஜூலையில் மலை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று, சூரல்மலைக்குப் பக்கத்திலேயே உள்ள புத்துமலை சரிந்தது. 17 பேர் போனார்கள். அதே நாளில் மலையின் மறுபக்கம் மலப்புரம் மாவட்டத்துக் கவளப்பாறையில் 59 பேர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தோட்டத் தொழிலாளர்கள்.

2011ல் மாதவ் காட்கில் குழு, வயநாட்டின் வைத்திரி தாலுகாவை மிக உயர்ந்த பாதுகாப்புத் தேவைப்படும் பகுதி என்று எழுதி வைத்தது. மேப்பாடி அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. 2023ல் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, ஆபத்துள்ள 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தியது. வயநாடு அதில் 13ஆவது இடம். கல்பற்றாவில் மழையளவு பார்த்துவரும் ஹ்யூம் மையம், சரிவுக்கு முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது 2024 ஜூலை 19ல். அதாவது பதினொரு நாட்களுக்கு முன்! முறையான அறிவிப்பு முதலில் கிடைத்தது டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு. வயநாடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மலை வரிசையில் நிற்கவில்லை.

அறிவு இருந்தது. அந்த அறிவு கடைவீதிக்கு வரவில்லை. அதுதான் குறை.

மழை மட்டுமா குற்றவாளி?

அந்த இரண்டு நாட்களில் அப்பகுதியில் பெய்த மழை 572 மில்லிமீட்டர் என்று கேரள முதலமைச்சரே அறிவித்தார். எண்ணைக் கேட்டால் மனதில் பதியாது. இப்படிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் 572 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 23 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 190க்கு மேல் கொண்டுவந்து ஒரே ஏக்கரில் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது மலைமேல் ஒவ்வொரு ஏக்கரும்.

மண்ணைப் பாறையோடு பிடித்து வைத்திருப்பது உராய்வு. துகள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து நிரம்பினால் அது மண்ணை உள்ளிருந்து தூக்குகிறது. பிடி தளர்கிறது. எடை கூடுகிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத் தாங்க முடியாமல் கழன்றுவிடுகிறது. ஆழமாக வேரோடும் காடு இருந்த இடத்தில் மேலோட்டமான வேருள்ள தோட்டப்பயிர் வந்தால் பிடி மேலும் குறையும். மலையின் பாதத்தை வெட்டிச் சாலையோ கட்டடமோ எழுப்பினால், சுவருக்கு அடியில் செங்கல்லை உருவியது போல. நீரோடையை மண் போட்டு மூடினால், தண்ணீர் போக வழியின்றி மலைக்குள்ளேயே தேங்கும்.

ஆகவே மழை மேலிருந்து வருகிறது. மற்றவை நம் கையிலிருந்து போகின்றன. பருவநிலை மாறியதால் அன்றைய மழையின் வேகம் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது என்று சர்வதேச ஆய்வாளர் குழு ஒன்று கணித்தது. அந்தப் பத்து சதவீதத்தை நம்மால் நிறுத்த முடியாது. மலைப்பாதத்தை வெட்டுவதையாவது நிறுத்தலாமே!

"எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு நகர்வோரும் நம்மில் உண்டு. சகோதரர்களே! தவக்குல் என்பது கயிற்றைக் கட்டாமல் ஒட்டகத்தை அவிழ்த்து விடுவதல்ல. இது சிறு வயதிலிருந்தே நாம் கேட்டு வளர்ந்த பாடம்தானே?

பேரேட்டில் ஏறாத நஷ்டம்

இப்போது வணிகப் பெருமக்களிடம் நேரடியாகப் பேசுகிறோம். நிலச்சரிவில் "இத்தனை கோடி சேதம்" என்று பத்திரிகை எழுதுகிறது. அந்தக் கோடிக்குள் என்னென்ன இருக்கிறது?

பேரிடருக்குப் பின் கணக்கெடுப்போர் மூன்று பத்திகள் போடுகிறார்கள். ஒன்று சேதம்: உடைந்தது, புதைந்தது, அடித்துப் போனது. இரண்டு இழப்பு: அதன் பிறகு பல மாதங்கள் வர வேண்டியிருந்து வராமல் போன வருமானம். மூன்று மீட்புத் தேவை: மறுபடி எழுந்து நிற்க ஆகும் செலவு. அரசாங்க நிவாரணம் பெரும்பாலும் முதல் பத்தியின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த மளிகைக் கடை. பகடியும் தளவாடமும் சேர்த்து 12 லட்சம். சரக்கு 8 லட்சம். இது 20 லட்சம், முதல் பத்தி. கடை ஆறு மாதம் மூடிக் கிடக்கிறது. மாதம் 40,000 லாபம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் போயிற்று. சுற்றியுள்ள லயத்து வீடுகளுக்குக் கொடுத்த கடன் சிட்டையில் 2 லட்சத்து 60 ஆயிரம் நிலுவை. வாங்கியவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. மீதிப்பேர் முகாமில். யாரிடம் போய்க் கேட்பது? இது 5 லட்சம், இரண்டாம் பத்தி. ஆக 25 லட்சம். இதற்கு மேல் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியும் வங்கித் தவணையும் அப்படியே நிற்கும். கடை போய்விடும், கடன் போகாது!

சாலை ஒரு நாள் மூடினாலும் இதே கதைதான் சிறிய அளவில். 2024 ஜூலை 16 அன்று கர்நாடகத்தின் அங்கோலா அருகே ஷிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66 மீது மலை சரிந்தது. சாலையோரத் தேநீர்க் கடையும் நின்றிருந்த வாகனங்களும் போயின. கேரளத்து மர லாரி ஒன்று ஓட்டுநரோடு ஆற்றுக்குள் போய், இரண்டு மாதங்கள் கழித்தே வெளியே எடுக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்த மலைப்பாதத்தை வெட்டியதே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2025 ஆகஸ்டில் வயநாட்டுச் சுரத்தின் ஒன்பதாவது வளைவருகே மண் விழுந்து போக்குவரத்து நின்றது. அழுகிய தக்காளிக்கும் தவறிய திருமண ஆர்டருக்கும் நஷ்ட ஈடு யார் தருவார்? அவை எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை.

டெல்லியின் பேனா

அரசாங்கம் கணக்குப் போட்ட விதத்தையும் பாருங்கள். வயநாட்டை மீண்டும் எழுப்ப ஏறத்தாழ 2,219 கோடி ரூபாய் தேவை என்று மதிப்பீடு செய்து கேரளம் மத்திய அரசிடம் கேட்டது. 2025 பிப்ரவரியில் வந்தது 529.50 கோடி. அதுவும் மானியமல்ல, வட்டியில்லாக் கடன். ஐம்பது ஆண்டில் திருப்பித் தர வேண்டும். பெற்றதை மார்ச் முடிவதற்குள் செலவு செய்துவிட வேண்டும் என்ற நிபந்தனை வேறு! பிறகு 2025 அக்டோபரில் தேசிய பேரிடர் நிதியிலிருந்து 260.56 கோடி ஒப்புதலானது. கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட உதவியாக வரவில்லை.

தனி மனிதருக்கு என்ன? 2022 முதல் 2026 வரைக்கான மத்திய விதிமுறைப்படி, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். அந்தத் தொகைக்கு மலையில் அஸ்திவாரமாவது எழும்புமா? விவசாயிக்கு ஒரு இனம் உண்டு. மீனவருக்கு உண்டு. கைத்தொழிலாளிக்கு உண்டு. கடைக்காரரின் சரக்குக்கு அந்தப் பட்டியலில் தனி இனம் இல்லை! வரி வாங்கும்போது வணிகர் கண்ணுக்குத் தெரிகிறார். நிவாரணம் எழுதும்போது மறைந்துவிடுகிறாரா?

கடன் விஷயம் இன்னும் கசப்பானது. நிவாரணப் பணம் கணக்கில் ஏறியதும் தவணையைப் பிடித்துக்கொண்ட வங்கியும் உண்டு. கேரள வங்கி தன் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. மற்ற வங்கிகளும் செய்யலாமே என்று கேரள உயர்நீதிமன்றம் கேட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 2025ல் மத்திய அரசு பதில் சொன்னது. காரணம் தெரியுமா? பேரிடரில் சிக்கியவர்களின் கடனுக்கு நிவாரணம் பரிந்துரைக்க வழி செய்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மலை சரிந்தது ஒரு முறை. சட்டத்தின் ஒரு பிரிவு சரிந்தது இன்னொரு முறை. முதல் சரிவுக்கு அழுதோம். இரண்டாவது சரிவு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முன்கணக்கு போடுவது எப்படி?

ஆபத்தை மதிப்பிடுவது விஞ்ஞானிகளின் வேலை என்று ஒதுங்காதீர்கள். அடிப்படை மூன்றே கேள்விகள். எது விழக்கூடும்? விழும் பாதையில் யார், என்ன இருக்கிறது? விழுந்தால் அது எவ்வளவு தாங்கும்? இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஆபத்தின் அளவு. மலை ஆபத்தாக இருந்தாலும் கீழே யாரும் இல்லையென்றால் நஷ்டமில்லை. சுமாரான சரிவாக இருந்தாலும் அதன் வாயில் சந்தையைக் கட்டினால் பெருநஷ்டம்.

மேலே சொன்ன கடைக்கு வருவோம். அந்த இடத்தில் 50 ஆண்டுக்கு ஒரு முறை சரிவு வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். "ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதானே!" என்று சிரிக்காதீர்கள். 25 லட்சத்தை ஐம்பதால் வகுத்தால் ஆண்டுக்கு 50,000. இது உங்கள் பேரேட்டில் எழுதப்படாத வருடச் செலவு. பாதுகாப்பான இடத்தில் மாத வாடகை 3,000 அதிகம் என்று நீங்கள் அந்தக் கடையை வேண்டாம் என்றீர்கள். ஆண்டுக்கு அது 36,000தான். மிச்சம் பிடித்ததாக நினைத்தீர்கள். உண்மையில் ஆண்டுக்கு 14,000 நஷ்டத்தில் நடத்துகிறீர்கள்!

இன்னும் கேளுங்கள். ஆண்டுக்கு ஐம்பதில் ஒரு வாய்ப்பு என்றால், 30 ஆண்டு அந்தக் கடையில் உட்காருகிறவருக்கு அந்தச் சரிவு ஒரு முறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 45. ஏறக்குறைய நாணயம் சுண்டிப் போடுவது போல. வாப்பா உட்கார்ந்தார், ஒன்றும் ஆகவில்லை என்பது மகனுக்கு உத்தரவாதமல்ல. இந்தக் கணக்கில் உயிரை நாம் சேர்க்கவே இல்லை. சேர்க்க ஒரு விலையும் இல்லை.

வரைபடம் இல்லையா? இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 2014 முதல் நாடு முழுவதும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்தது. ஆபத்துள்ள நிலம் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதில் 90,000 சதுர கிலோமீட்டர், தமிழகம் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை, கொங்கண மலைப் பகுதிகளில். ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். உங்கள் கடைவீதி முழுவதும் ஒரு அரிசி நீளத்துக்குள் அடங்கிவிடும்! மாவட்டத்தை எச்சரிக்க அது போதும். இந்த மனை வாங்கலாமா, அந்த மனை வாங்கலாமா என்று தீர்மானிக்க அது போதாது. ஊர் அளவில், சர்வே எண் தெரிகிற அளவில் வரைபடம் வேண்டும். அது பஞ்சாயத்து அலுவலகத்திலும் சந்தையிலும் ரேஷன் கடையிலும் தாய்மொழியில் தொங்க வேண்டும்.

நம் வாசலிலும்...

இது கேரளத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் சரிந்தபோது பயணிகளோடு பேருந்துகளும் அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்களில் நூற்றுக்கணக்கான சரிவுகள்; 40க்கும் அதிகமானோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 மழைக்குப் பின் கூடலூர் கோக்கால் பகுதியில் வீடுகள் விரிசல் விட்டன. அதே ஆண்டு டிசம்பர் 1ல் ஃபெங்கல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். மலைவாசஸ்தலமே அல்லாத ஊரில்!

நீலகிரியில் 283 இடங்கள் அபாயப் பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகமே பட்டியல் வைத்திருக்கிறது. குன்னூர் சாலை அடைத்தால் கோத்தகிரி வழி. இரண்டும் அடைத்தால் கூடலூர் வழி. இது ஊட்டியில் காய்கறி ஏற்றுகிற ஒவ்வொரு லாரி ஓட்டுநருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் தன் கடையிருக்கும் தெரு இருக்கிறதா என்று பார்த்த வியாபாரி எத்தனை பேர்?

செய்து காட்டியவர்கள்

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்கிறோம். காயல்பட்டினத்து, கீழக்கரைச் சகோதரர்கள் வணிகம் செய்யப் போன ஹாங்காங். 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976ல் அவற்றில் ஓரிடத்திலேயே மறுபடி சரிந்து 18 பேர். 1977ல் சரிவுகளுக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். மனிதர் வெட்டிய சரிவுகள் சுமார் 60,000ஐக் கணக்கெடுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். பராமரிக்க வேண்டியவர் யார் என்று எழுதி வைத்தார்கள். இன்று அங்கே சரிவுக்கு எண். புத்துமலையில் கப்றுக்கு எண். இந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எளிய அளவு ஒன்றை வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேறு. சிறு பிள்ளைக்கும் புரியும். ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது என்பதையும் அந்த நாடே காட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. நாடெங்கும் வெள்ளத்திலும் சரிவிலும் 600க்கும் அதிகமானோர் மாண்டார்கள். நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. சரிவில் குடியிருப்பவனுக்கு மாற்று இடம் இல்லையென்றால், சிவப்பு எச்சரிக்கை வந்தாலும் அவன் எங்கே போவான்?

அச்சமும் நியாயமும்

இங்கே ஒரு உண்மையை ஒளிக்காமல் பேச வேண்டும். காட்கில் அறிக்கை வந்தபோது மலையில் வாழும் சிறு விவசாயிகளும் வணிகர்களும் எதிர்த்தார்கள். நிலம் போய்விடும், கடை போய்விடும் என்ற அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் "பாதுகாப்பு" என்ற பெயரில் முதலில் வெளியேற்றப்படுவது குடிசைதான், மலையுச்சி விடுதியல்ல. ஆனால் அந்த அச்சத்தை முன்னே நிறுத்தி, பின்னால் கல்குவாரிக்காரரும் விடுதி முதலாளியும் தப்பித்துக்கொண்டார்கள். சரிந்தபோது புதைந்தது யார்? லயத்துத் தொழிலாளியும் சின்னக் கடைக்காரரும்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 56,825 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கும் வரைவு அறிவிப்பை மத்திய அரசு மறுபடி வெளியிட்ட நாள் 2024 ஜூலை 31. முண்டக்கையில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்! அது ஆறாவது வரைவு. வரைவுக்கு மேல் வரைவு போடுகிற அரசிடம், "வேண்டாம்" என்று மட்டும் சொல்வது நம் வேலையல்ல. "எங்களையும் வைத்துச் செய்" என்று சொல்வதே நம் வேலை.

ஆகவே ஆட்சியாளர்களிடம் கேட்கிறோம்:

1. மலை மாவட்டங்கள் அனைத்துக்கும் ஊர் அளவிலான நிலச்சரிவு வரைபடத்தைத் தயாரித்து மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

2. நிவாரண விதிமுறையில் கடைச் சரக்குக்கும் சிறு வணிகர் வருமான இழப்புக்கும் தனி இனம் சேருங்கள்.

3. பேரிடரில் அனைத்தையும் இழந்தவரின் கடனுக்கு வழி செய்த சட்டப் பிரிவை மீண்டும் கொண்டுவாருங்கள்.

4. மலைச்சாலை ஒப்பந்தத்திலேயே தாங்குசுவரும் வடிகாலும் சேரட்டும். வெட்டியவரே சரிவுக்குப் பொறுப்பேற்கட்டும்.

5. அபாயப் பகுதியிலிருந்து இடம் பெயர்வோருக்கு, சரியுமுன்பே, வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கொடுங்கள். பிழைப்பு இருக்கும் தூரத்தில் கொடுங்கள்.

வணிகர்களே!

மலைப்பகுதியில் மனை வாங்குமுன், கடை பிடிக்குமுன், பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். மேலே நீரோடை எந்தப் பக்கம் இறங்குகிறது? முன்பு சரிந்த தடம் உண்டா? பின்சுவர் வெட்டிய மண்ணில் சாய்ந்து நிற்கிறதா? ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் நினைவுதான் பழைய வரைபடம்.

கணக்குப் புத்தகத்தின் நகலையும் கடன் சிட்டையின் நகலையும் வேறு ஊரில் உள்ள உறவினரிடம் வையுங்கள். மழை மாதங்களில் மலைக்கடையில் சரக்கைக் குறைத்து அடிவாரக் கிடங்கில் வையுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா போன்ற சிறு தொழில் பாலிசிகளில் நிலச்சரிவும் பாறைச்சரிவும் அடங்கும். ஆனால் நீங்களே மண்ணைத் தோண்டியதால் வந்த சரிவுக்கும், தரக்குறைவாகக் கட்டியதால் வந்த இடிபாட்டுக்கும் ஈடு கிடைக்காது. விதிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காப்பீட்டில் மார்க்க ரீதியாகக் கருத்து வேறுபாடு கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்படியானால் மாற்று ஏற்பாடு உங்கள் கடமை. கடைவீதி வணிகர்கள் மாதம் ஒரு தொகை போட்டுப் பரஸ்பர உதவி நிதி ஏற்படுத்துங்கள். காப்பீடும் வேண்டாம், நிதியும் வேண்டாம் என்றால், கடைசியில் மிஞ்சுவது விரித்த துண்டுதான்.

இளைஞனே!

சேற்றில் இறங்கி உடல் தூக்கிய உன் கைகளை இந்தச் சமுதாயம் மறக்காது. ஆனால் உடல் தூக்கும் நிலை வராமல் பார்ப்பது அதைவிடப் பெரிய சேவை அல்லவா?

பக்கங்கள் நேரான ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஒரு அளவுகோலும் போதும். உன் மஹல்லாவில் திறந்த வெளியில் வை. தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து, பள்ளிவாசல் பலகையிலும் கடைவீதிப் பலகையிலும் எழுது. உன் தெருவுக்கு மேலுள்ள சரிவை மாதம் ஒரு முறை நடந்து பார். தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று கலங்கிய ஊற்று, திறக்க மறுக்கும் கதவு, மழை கொட்டும்போதே நீர் குறையும் ஓடை – இவை மலை பேசும் மொழி. பார்த்தால் படம் எடு, தேதியோடு எழுத்தில் வட்டாட்சியரிடம் கொடு, ஒப்புகை வாங்கு. அடைபட்ட வடிகாலை மழைக்கு முன் தூர் வாரு. இரவில் யார் யாரை எழுப்புவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது, எங்கே போய்ச் சேர்வது என்று இப்போதே பெயர் எழுதி வை. எல்லாச் சமுதாயத்து இளைஞர்களையும் சேர்த்துக்கொள். மலை ஜாதி பார்த்துச் சரிவதில்லை.

வாசகர்களே!

முண்டக்கை, சூரல்மலைக்கு நாம் அனுப்பிய போர்வைகள் வீணில்லை. ஆனால் போர்வை இறந்தவரை எழுப்பாது. புதைந்த கடையைத் திறக்காது. நாள் முழுதும் வியாபாரம் செய்து, இரவு கல்லாவைப் பூட்டுமுன் கணக்குப் பார்க்காத வியாபாரி உண்டா? ஒரு ரூபாய் உதைத்தால் தூக்கம் வராதவர்கள் நாம். தலைக்கு மேல் நிற்கும் மலையின் கணக்கை மட்டும் பார்க்காமல் எப்படித் தூங்குகிறோம்?

அடுத்த பருவமழைக்கு முன் உங்கள் ஊர் ஜமாஅத்திலும் வணிகர் சங்கத்திலும் ஒரு மாலை இதற்காகக் கூடுங்கள். சரிவு வரைபடத்தைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒரு மழைமானி வையுங்கள். ஒரு நிதியைத் தொடங்குங்கள்.

துண்டு விரிக்கத் தெரிந்த கைகளே, பேரேட்டைத் திறவுங்கள்!